வெள்ளையடித்த வாரத்தில் பார்த்த வீடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு மறுநாள் காலையில், நானும் என் மனைவியும் சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினோம். அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. கோயிலுக்குக்கூட அதற்கு முன்பு வந்ததில்லை. வாடகைக்கு ஒரு வீடு பார்க்க வந்திருந்தோம். அந்த ஊரை நான் எப்படிப் பிடித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டுப் பிடித்தேன்.

சென்னையில் நாங்கள் இருந்தது, ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஒரு பகுதியில், தரைத்தளத்தில். மழைக்காலம் வந்தால் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறும். பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். துடைத்துவிட்டால் பத்து நாளில் மறுபடியும் வந்துவிடும். எங்களுக்கு ஒரே மகள், அப்போது பத்து வயது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. பள்ளிக்கூடம் போன நாளைவிட, மூக்கில் மருந்துப் புகை பிடித்தபடி உட்கார்ந்திருந்த நாள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். டாக்டர் ஒருநாள் சலிப்போடு சொல்லிவிட்டார்: "மருந்து நான் எழுதித் தரேன் சார். வீட்டை நீங்கதான் மாத்தணும்."

மாற்றலாம்தான். ஆனால் சென்னையில் ஈரம் ஏறாத மாடி வீட்டுக்குக் கேட்ட வாடகை என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. எனக்கோ வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. கணக்கு எழுதும் மென்பொருள் வாங்கியவர்கள் சந்தேகம் கேட்டுப் போன் செய்வார்கள், நான் பதில் சொல்வேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆபீசில் முகம் காட்டினால் போதும். அப்படியென்றால் எதற்குச் சென்னையையே கட்டிக்கொண்டு அழவேண்டும், பிள்ளையின் மூச்சுக்கு ஏற்ற ஊராகப் பார்த்துப் போய்விடலாமே என்று தோன்றியது. தோன்றிய அன்றே அட்டவணையைத் திறந்துவிட்டேன்.

ஊர் ஊராக எழுதி, காற்றின் ஈரப்பதம், மழை பெய்யும் மாதங்கள், வாடகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சென்னைக்கு நேர் ரயில் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஓசூர் குளிரில் அடிபட்டது. கோயம்புத்தூர் வாடகையில் அடிபட்டது. கடலோர ஊர்கள் எல்லாம் ஈரப்பதத்தில் கூண்டோடு போயின. கடைசியில் எல்லாக் கட்டத்திலும் பச்சை வாங்கிக்கொண்டு நின்றது சங்கரன்கோவில். வெயில் ஊர்தான், ஆனால் வறண்ட காற்று. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் இதே மாதிரி கட்டம் போடுவீங்களா?" என்று கிண்டல் செய்தாள். எனக்கு அதுவும் பாராட்டாகத்தான் காதில் விழுந்தது.

எனக்கு லீவு கிடைத்தது பொங்கலுக்குத்தான் என்பதால் பொங்கலை ஒட்டியே வீடு பார்க்க வந்தோம். ஊர் அவ்வளவு அழகாக இருந்தது. வாசலெல்லாம் பெரிய பெரிய கோலம், தெருவோரம் கரும்புச் சக்கை, வீடுகளெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசனை. தரகர் காட்டிய மூன்றாவது வீடே எங்களுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு அறை, பின்பக்கம் சின்ன வெட்டவெளி, மேலே மொட்டைமாடி. வெள்ளையடித்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டி மனைவியிடம் காட்டினேன். துளி தூசி இல்லை. சத்தம் என்றால், எங்கோ ஒரு சேவல் கூவியதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

பின்பக்க மதிலை ஒட்டி நீளமாக ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கதவு பூட்டியிருந்தது. ஏதோ குடோன் போல என்று நினைத்தேன். அத்தனை கட்டம் போட்ட மனுஷன் அது என்ன கொட்டகை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினோம்.

தை மாதக் கடைசியில், பாதி வருடத்தில் பிள்ளைக்கு டி.சி. வாங்கி, சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். தெருமுனை திரும்பும்போதே ஏதோ ஒரு சத்தம். லாரிக்காரர் எஞ்சினில் கோளாறு என்று நினைத்து வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். எஞ்சின் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. அது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்து வந்துகொண்டிருந்தது. டடக் டடக் டடக் என்று இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் பலகையைத் தட்டுவதுபோல. வீட்டுக்காரர் சாவியோடு நின்றார்.

"என்ன சார் இது சத்தம்?"

"தறி சார், பவர்லூம். பொங்கலுக்கு நிப்பாட்டியிருந்தாவ, இப்பம் ஓட்டுதாவ."

"அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலயே சார். சங்கரன்கோயில்னா தறின்னு ஊருக்கே தெரியும்லா. அந்தச் சத்தம்லாம் எங்க காதுல விழுததே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொங்கலுக்குத் தறியை நிறுத்துவார்கள், வீட்டை ஒட்டடை அடித்து வெள்ளை பூசுவார்கள். வருடம் முழுக்க உழைக்கிற ஊர் குளித்துத் தலைவாரிப் புதுச்சட்டை போட்டு நிற்கிற ஒரே வாரம் அது. அந்த வாரத்தில் போய்ப் பார்த்துவிட்டு ஊரே இப்படித்தான் என்று முடிவு கட்டியது நான்.

சத்தம் நுரையீரலை ஒன்றும் செய்யாது என்று மனைவியைச் சமாதானப்படுத்தினேன். என் வேலைதான் வேடிக்கையாகிப் போனது. போன் செய்கிறவர்கள் எல்லாம், "சார், ரயில்ல போயிட்டிருக்கீங்களா? அப்புறம் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்கள். ஒருவரிடம் விளக்கம் சொல்லி அலுத்துப்போய், "ஆமா சார், விருதுநகர் வந்துட்டேன்" என்றே சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள்தான் சத்தத்துக்கு மேல் ஒன்று இருப்பது தெரிந்தது. மாடியில் காயப்போட்ட என் கறுப்பு பேன்ட்டில் வெள்ளையாக மெல்லிய ரோமம்போல ஏதோ படிந்திருந்தது. தட்டினால் போகவில்லை. அறை மூலைகளில் அதுவே சுருண்டு உருண்டை உருண்டையாக ஓடியது. பஞ்சு. தறியில் நூல் ஓட ஓட உதிர்கிற பஞ்சுத் தூசி. ஈரத்துக்குப் பயந்து நானூறு மைல் ஓடிவந்து, பிள்ளையைப் பஞ்சுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் என்ன செய்திருப்பான்? தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டிருப்பான். நான் கடைக்குப் போய் டேப் வாங்கி வந்து பின்பக்க ஜன்னல்களை எல்லாம் ஒட்டினேன். மாசி மாத வெயிலில் வீடு கொதித்தது. மனைவி சென்னைக்கே திரும்பிப் போய்விடலாம் என்றாள். "முடியாது" என்றேன். பிடிவாதம் என் கூடவே பிறந்தது. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, உடம்பு புது ஊருக்குப் பழக வேண்டாமா என்று வாதாடினேன். வாதத்துக்கு ஆதாரமாக, சமையலறைச் சுவரில் காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, தினமும் பிள்ளைக்கு இருமல் வந்தால் சிவப்பு, வராவிட்டால் பச்சை என்று குறிக்க ஆரம்பித்தேன்.

முதல் பத்து நாளும் சிவப்புதான். பத்தாவது நாள் சாயங்காலம் எங்களுக்குள் பெரிய சண்டை. "இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். சிவப்பு விழுந்தா நானும் அவளும் கிளம்பிடுவோம். நீங்க உங்க அட்டவணையோட குடும்பம் நடத்துங்க" என்றாள் மனைவி. நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். "எனக்கு வேற போக்கிடம் கிடையாது. இந்த ஊரும் ஒத்துக்கலைன்னா நான் என்னதான் பண்ணுவேன்?" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. மகள் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாளிலிருந்து சிவப்பு நின்றுவிட்டது. ஒருநாள், இரண்டு நாள் இல்லை, இரண்டு வாரம். வரிசையாகப் பச்சை. "பார்த்தியா, நான் சொன்னேன்ல, உடம்பு பழகிடுச்சு" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிக் காட்டினேன். ஒருநாள் மனைவி, இழுப்புக்கு வாயில் அடிக்கிற மருந்து டப்பாவைக் காதோரம் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது?" என்றாள். கடையில் பழைய சரக்கைக் கொடுத்திருப்பான் என்றேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். மணி ஐந்து இருக்கும். நான் போனில் ஒருவருக்கு வரிக் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வாசல் கேட்டை யாரோ அடித்தார்கள். போய்ப் பார்த்தால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தலைமுடியெல்லாம் பஞ்சு, சேலையை இழுத்துச் செருகியிருந்தார். அவர் இடுப்போடு சாய்ந்தபடி என் மகள். பள்ளிச் சீருடைகூட மாற்றவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கியது. உதடு வெளுத்திருந்தது.

"இது உங்க பிள்ளையா அண்ணாச்சி?"

தறி ஓட்டுகிறவர்கள் மெதுவாகப் பேச மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவர்கள் குரலே அப்படி ஆகிவிடும். தெருவே திரும்பிப் பார்த்தது.

"தெனம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்க கொட்டகை சன்னலுக்குக் கீழ வந்து குத்தவச்சிக்கிடுதா. நான் என்னமோ வெளையாடுதான்னு நெனச்சேன். இன்னைக்கு நூலு அறுந்துட்டுன்னு தறிய நிப்பாட்டுனா, பிள்ள கெடந்து இருமுதா, மூச்சு இழுக்கு. ஏட்டி, இங்கன வந்து எதுக்கு இருமுதன்னு கேட்டா, தறிச் சத்தத்துல எங்க அப்பாவுக்குக் கேக்காதுங்கா. என்ன அண்ணாச்சி பிள்ள வளக்கீய?"

போனை வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்தேன். அவர்தான் மகளை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மருந்து டப்பாவைத் தேடி எடுத்து வந்தேன். அது காலி. அலமாரியில் வைத்திருந்த புதியதைப் பிரித்து அவள் வாயில் அடித்தேன். மருந்து உள்ளே போய், மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இறங்க, மகள் முதன்முதலாகப் பேசிய வார்த்தை இது:

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. சிவப்பு போட்டா நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அதுவரை அவ்வளவு சத்தமாகப் பேசியவர் பேசாமல் நின்றதுதான் எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. எந்தச் சத்தத்தைக் கிளப்புகிற இயந்திரம் அவளுக்கு இருமலைக் கொடுத்ததோ, அதே சத்தத்துக்குள் போய் அவள் இருமலை ஒளித்து வைத்திருக்கிறாள். மற்ற நேரத்தில் எங்களுக்குத் தெரியாமல் மருந்தை அடித்துச் சமாளித்திருக்கிறாள். வேறு யாருக்குப் பயந்தும் இல்லை, எனக்குப் பயந்து. நான் தோற்றுப்போய்விடக் கூடாதே என்று.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனைவி நேரே அங்கே வந்து சேர்ந்தாள். டாக்டர் பார்த்து ஊசி போட்டு, சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார். மனைவி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த காலண்டர் தாளை நானே கிழித்தேன். அவள் சொன்னது ஒன்றுதான்: "அடுத்த வீட்டை நான் பார்ப்பேன்."

மறுநாள் காலை, தறி ஓடத் தொடங்குவதற்கு முன்பு, அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லப் பின்பக்கம் போனேன். அவர் நன்றியை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இங்கன வாங்க" என்று என் வீட்டுச் சமையலறைக் காற்றுத்துளைக்குக் கீழே கூட்டிப்போய்க் கையை நீட்டினார். அதில் அடித்திருந்த கொசுவலை இருந்த இடமே தெரியவில்லை. கம்பளி நெய்து வைத்ததுபோல வெள்ளையாக அடைத்திருந்தது. மேலே போகிற கரண்ட் வயரைக் காட்டினார். அதில் தாடி தொங்கியது. ஒரு கொத்துப் பஞ்சைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வீடு பாக்க வரச்சில இதப் பாக்கணும் அண்ணாச்சி. தரைய கூட்டிருவாவ, சுவத்துக்கு வெள்ள அடிச்சிருவாவ. வயர யாரு தொடைக்கா? ஒட்டடைய பாத்தா காத்துல என்ன வருதுன்னு அதுவே சொல்லிரும்."

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. அதுவரை வரவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் செய்யலையாம்மா?"

"செய்யாம என்ன? எனக்கும் நெஞ்சு கட்டிக்கிடும், இருமல் வரத்தான் செய்யும். நான் எங்கன போவ? நாலு தறி ஓட்டுதேன், அதுலதான் சோறு. நீங்க போலாம்லா. போக முடிஞ்ச ஆளு எதுக்கு இருந்து கஷ்டப்படணும்? அதுக்குத்தான் சொல்லுதேன்."

நின்ற இடத்திலேயே எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஊரைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று நான் மாதக்கணக்கில் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். தேர்ந்தெடுக்க முடிவதே ஒரு வசதி என்பது என் மண்டையில் ஏறவில்லை. அந்த வசதி இல்லாத ஒருவர் வந்துதான் என் பிள்ளையின் கையைப் பிடித்து என்னிடம் கூட்டிவர வேண்டியிருந்தது.

அன்று மதியம் அவரும் கூட வேலை செய்கிறவர்களும் கொட்டகையில் எங்கள் வீட்டைப் பார்த்திருந்த ஜன்னல்களில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார்கள். முதலாளியிடம் அவரே பேசியிருக்கிறார். நாங்கள் வீடு மாறும்வரை அந்தச் சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டார்கள். அதனால் கொட்டகைக்குள் காற்று குறைந்து அவர்கள் வெந்துபோனார்கள். வேண்டாம் என்று சொல்லப் போனேன். "பேசாம போய் வீட்டப் பாருங்க" என்று விரட்டிவிட்டார்.

சென்னைக்குத் திரும்புவதா, இங்கேயே வேறு வீடா? அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். முதல்முறையாக மகளிடம் கேட்டேன். "உனக்கு எங்க இருந்தா மூச்சு நல்லா இருக்கும்மா?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஸ்கூல்லப்பா. அங்க எனக்கு இருமலே வராது."

பள்ளிக்கூடம் ஊரின் மேற்கு ஓரம், புளியங்குடி ரோட்டில் இருந்தது. சுற்றிலும் தறி கிடையாது. நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊர் தப்பில்லை. வறண்ட காற்று என்று நான் நம்பியது பொய்யில்லை. வீடுதான் தப்பு. ஆறு வாரமாக அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளை நடமாடிக்கொண்டிருந்தாள், கேட்கத்தான் ஆளில்லை.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி, நடந்து போகிற தூரத்துக்குள் வீடு கிடைத்தால் இருப்பது, இல்லாவிட்டால் பரீட்சை முடிந்ததும் கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்தோம். மனைவி தலைமை, நான் வண்டி ஓட்டி. அவள் போட்ட விதி கடுமையானது. லீவு நாளில் வீடு பார்க்கக் கூடாது. காலை பதினோரு மணிக்கு ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பார்க்க வேண்டும். முக்கியமாக, கூட்டிப் பெருக்காத வீட்டைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூட்டாத வீட்டை வெளி ஆளுக்குக் காட்டுவது அந்தப் பக்கத்தில் மானக்கேடு. ஒரு வீட்டுக்கார அம்மா, "நாளைக்கு வாங்க, கழுவி வுட்டுட்டுக் காட்டுதேன்" என்றார். வேண்டாம், அப்படியே காட்டுங்கள் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "அழுக்கு வீட்டக் காட்டுனா எங்களப் பத்தி என்ன நெனப்பீய?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர், நான் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறி இறக்கையையும் ஒட்டடையையும் விரலால் தேய்த்துப் பார்ப்பதைக் கீழே நின்று பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், நீங்க வீடு தேடுதீயளா, சிலந்தி தேடுதீயளா?" என்றார். இரண்டையும்தான் என்றேன்.

வெயில் ஏற ஏற, தினமும் என் வேலை இடைவேளையில் கிளம்பினோம். ஒரு வீட்டில் காற்று நன்றாக இருந்தது, பக்கத்தில் மாவு மில். இன்னொன்றில் எல்லாம் சரி, சுவரில் உப்புப் பூத்திருந்தது. சென்னையில் பார்த்துப் பயந்த அதே ஈரம். மனைவி கையை வைத்துப் பார்த்துவிட்டு நேரே வெளியே வந்துவிட்டாள். எனக்குச் சில நாள் மனசு விட்டுப்போகும். அவளுக்கு விட்டுப்போகவில்லை. "உங்க பிடிவாதம் எல்லாம் தப்பு பண்ணும்போது மட்டும்தானா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகு எப்படி வண்டியை எடுக்காமல் இருப்பது?

மூன்றாவது வாரம் அந்த வீடு கிடைத்தது. பார்க்க ஒன்றும் இல்லை. பழைய சிமென்ட் தரை, முன்னால் வேலி, ஒரு பக்கம் மல்லிகைத் தோட்டம், மறுபக்கம் காலி மனை. எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்ததால் மூலைக்கு மூலை ஒட்டடை. தொட்டுப் பார்த்தேன். மெல்லிய மண் நிறம், அவ்வளவுதான். ஆனாலும் என்மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. தறிக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். மறுநாள் வேலைக்குப் போகும் முன் என் மனைவியோடு வண்டியில் ஏறி வந்து, வயரைப் பார்த்தார், கொசுவலையைப் பார்த்தார், வாசலில் நின்று மேற்கே பார்த்தார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு மதினி. ஆனா ஆனி, ஆடியில மேகாத்து அடிக்கும் பாத்துக்கிடுங்க. புழுதிய வாரி இறைக்கும். அப்பம் மேல சன்னல அடச்சிட்டு, கீழ சன்னலத் தொறந்து வையுங்க. புழுதிய நாம அடச்சிரலாம், பஞ்ச அடைக்க முடியாது."

பங்குனியில் பரீட்சைக்கு முன்பே குடிவந்துவிட்டோம். அவர் சொன்னபடியே ஆனியில் மேற்கிலிருந்து காற்று வந்தது. மேற்கு ஜன்னலை அடைத்து, கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்தோம். கதவெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன, வாசலில் நின்றால் வாயில் மண். அந்த மாதத்தில் மகளுக்கு இரண்டு நாள் இழுப்பும் வந்தது. இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை, அப்படிச் சொன்னால் பொய். மருந்து இன்னும் இருக்கிறது. ஆனால் அவள் பள்ளிக்கூடத்துக்குத் தவறாமல் போகிறாள், ஓடுகிறாள், போன வருடம் கோ-கோ டீமில் சேர்ந்துவிட்டாள். எங்கள் வாடகை சம்பளத்துக்குள் அடங்குகிறது. சங்கரன்கோவிலின் வெயிலைத் திட்டிக்கொண்டே, அந்த வெயிலுக்காகவே அங்கே இருக்கிறோம்.

தறிக்கார அம்மாவை ஒருநாள் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் என் மனைவி. டாக்டர் மருந்து கொடுத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொன்னார். கட்டினால் மூச்சு முட்டுகிறது என்று அவர் பாதி நாள் கட்டுவதில்லை. இன்றைக்கும் நாலு தறி ஓட்டுகிறார். எங்களைப் போல அவருக்கும் ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட முடியாது என்பது எனக்குள் தீராத வருத்தம். வீட்டுக்கு வந்தால் வாசலிலிருந்தே சத்தமாகக் கேட்பார், "பிள்ள எப்படி இருக்கா?" என்று. நான் பதில் சொல்ல மாட்டேன். மகளையே சொல்லச் சொல்வேன்.

போன வாரம்கூட அவளுக்குச் சளி பிடித்தது. நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, என் முகத்துக்கு நேராக, வீடே அதிரும்படி இருமினாள். "அப்பா, மூச்சு சரியில்ல, மருந்து எடுத்துத் தாங்க" என்றாள். போனில் இருந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன். கவலையாகவும் இருந்தது, அதைவிட நிம்மதியாகவும் இருந்தது. ஈரம் இல்லாத ஊரையும் தூசி இல்லாத வீட்டையும் அலைந்து தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு பிள்ளை தன் வலியை அப்பாவிடம் ஒளிக்காமல் சொல்ல முடிகிற வீட்டை, அந்த அப்பா தன்னைத் திருத்திக்கொண்டுதான் கட்ட முடியும் என்பதை அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குச் சொல்லிக் கொடுத்தது.